யசிந்தாக்காவுக்கு ஓர் அடைமொழி

1

போன மாசியில், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு ஒரு பூங்கொத்தும் சட்டம் போட்ட பத்திரம் ஒன்றும் தந்தார்கள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த என்னைக் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். நிர்வாகி அம்மா இரண்டு வசனம் பேசினார், எல்லோரும் கை தட்டினார்கள், பிறகு கேக் வெட்டினோம். அந்தக் கேக்கைக் காலையில் செய்தது நான்தான். யாருக்கு என்று கேட்டபோது யாரோ ஒருவருக்கு என்று சொல்லியிருந்தார்கள்.

பத்திரத்தில் என் பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழி இருந்தது. லாங்யேரிக். பல ஆண்டுகளாகத் தொடர்கிற என்பது அதன் பொருள். ஜேர்மனியில் எத்தனையோ சொற்களை என் பெயருக்கு முன்னால் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பலவற்றை நான் அகராதியில் பார்க்காமல் விட்டதே மனதுக்கு நல்லது. இந்தச் சொல்லை எழுதியது இதுதான் முதல் தடவை.

மகனிடம் காட்டினேன். அவன் தமிழில் தொடங்கி ஜேர்மனில் முடிக்கிற பிள்ளை. வெறுமனே வருடம் போனால் மட்டும் இந்தச் சொல்லைப் போட முடியாது, ஒரே காரியம் விடாமல் தொடர்ந்திருக்க வேண்டும் என்று விளக்கினான். நோய்க்கு வேறு சொல்லாம். வேலைக்காரர், வாடிக்கையாளர், அனுபவம், சிநேகிதம் எல்லாவற்றுக்கும் இது பொருந்துமாம். சிறைத் தண்டனைக்கும் போடுவார்களாம். சிநேகிதத்துக்கும் சிறைக்கும் ஒரே சொல்லா என்று கேட்டேன். இரண்டிலும் பாதியில் எழும்பிப் போக ஏலாதுதானே என்றான்.

அதோடு விட்டிருக்கலாம். "லேனாவும் எனக்கு லாங்யேரிக்தான், அம்மா. நீங்கள்தான் என்னோடை படிச்ச பிள்ளை எண்டு சொல்லித் திரியிறியள்" என்றான்.

லேனா அவனோடு ஒரே வீட்டில் இருக்கிறவள். கலியாணம் கட்டவில்லை. எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளுக்கு அவளும் சேலை உடுத்துக்கொண்டு வருவாள். ஆர் இந்தப் பிள்ளை என்று கேட்பவர்களுக்கு நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அவன் படித்தது கணினி, அவள் படித்தது பல் வைத்தியம். எந்த வகுப்பில் சேர்ந்து படித்தார்கள் என்று இதுவரை யாரும் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

2

இங்கே வந்த புதிதில் எங்களுக்குக் காலத்தை மூன்று மூன்று மாதமாகத்தான் தந்தார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும், இலக்கத் துண்டு எடுத்துக் காத்திருக்க வேண்டும், முத்திரை குத்துவார்கள், அடுத்த மூன்று மாதம் இருக்கலாம். எவ்வளவு காலம் இருக்க உத்தேசம் என்று முதல் நாள் கேட்டார்கள். ஊரில் சண்டை முடியும்வரை என்றேன். அதை எழுதுவதற்கு அவர்களிடம் கட்டம் இருக்கவில்லை. நாங்களும் மூன்று மாதத்துக்கு மேல் உழைக்கக்கூடிய எதையும் வாங்குவதில்லை என்று இருந்தோம். அலுமாரி வாங்கவில்லை. உடுப்பெல்லாம் சூட்கேசுக்குள்ளேயே கிடந்தது. அப்படியே மகன் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போய்விட்டான்.

தமிழில் நாங்கள் நீண்டகால என்று எழுதுகிறோம். ஊர்ப் பத்திரிகைகளைத் தினமும் இணையத்தில் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த அடைமொழி எங்கள் ஊரில் நல்ல காரியங்களோடு அதிகம் சேர்வதில்லை. நீண்டகாலப் பிரச்சினை, நீண்டகாலக் கடன், மக்களின் நீண்டகாலக் கோரிக்கை. தீராதது, அடையாதது, கிடைக்காதது. மனிதருக்கு முன்னால் அதைக் காண்பது அபூர்வம். யாராவது சங்கத் தலைவர் செத்தால் நீண்டகால உறுப்பினர் என்று போடுவார்கள், அவ்வளவுதான்.

வாயில் வருவது வேறு. கனகாலம் என்போம். தெருவில் ஒருவரைச் சந்தித்தால் 'கண்டு கனகாலம்' என்பதுதான் முதல் வார்த்தை. அதை ஒருவரும் அச்சில் போடுவதில்லை. அச்சுக்கென்று சலவை செய்த சொற்கள் தனியாக இருக்கின்றன.

3

அந்தப் பத்திரத்தைச் சுவரில் மாட்டிய கிழமையே சின்னையா ஊரிலிருந்து அழைத்தார். அப்பாவின் தம்பி அவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். எங்கள் சொந்தத்தில் யார் செத்தாலும் அறிவித்தல் எழுதுவது அவர்தான். உன் அண்ணையின் ஆட்டைத் திவசம், முதலாம் வருடம், வருகிறது, பத்திரிகைக்கு நினைவஞ்சலி எழுதிவிட்டேன், வாசிக்கிறேன் கேள் என்றார்.

மரண அறிவித்தலின் நடை உங்களுக்குத் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கும். அடுத்து பெற்றோர், பிறகு மனைவி, பிள்ளைகள், சகோதரங்கள், மைத்துனர், மருமக்கள் என்று இறங்கும். ஒவ்வொரு உறவுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. யாருடைய பெயர் எங்கே வந்தது என்று பார்த்துத்தான் சனம் ஒரு குடும்பத்தை அறிந்துகொள்ளும். பெயர் விட்டுப்போனதற்காக இன்றுவரை முகம் பார்க்காமல் இருக்கிற ஒன்றுவிட்ட சகோதரங்களை எனக்குத் தெரியும்.

போன வருடம் அண்ணை இறந்தபோது, எனக்குச் செய்தி சொன்ன அழைப்பு முடிவதற்குள்ளேயே அறிவித்தல் இணையத்தில் வந்துவிட்டது. பெற்றோர் பெயர் முடிந்ததும் நேரே சகோதரிகளுக்குத் தாவியது. கனடாவில் இருக்கும் அக்கா, ஜேர்மனியில் இருக்கும் நான், எங்கள் கணவன்மார், பிள்ளைகள். மனைவி என்ற இடம் இருக்கவில்லை. இப்போது சின்னையா வாசித்ததும் அதேதான். மேலே ஒரு கவிதை புதிதாகச் சேர்ந்திருந்தது.

அண்ணையோடு ஒரே வீட்டில் வாழ்ந்த யசிந்தாக்காவின் பெயர் எங்கே என்று கேட்டேன். "ஊருக்கெல்லாம் தெரிஞ்சதுதானே பிள்ளை. பிறகேன் எழுதுவான்?" என்றார்.

திவசத்துக்கு வருகிறேன், நேரில் கதைப்போம் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

4

அண்ணைக்கு மருதனார்மடம் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம். தோட்டக்காரரிடம் எடுத்து நகரத்துக் கடைகளுக்கு அனுப்புவார். யசிந்தாக்கா குருநகர்க்காரி. அதே சந்தைக்குக் கருவாடு கொண்டுவந்து விற்றவர். அவருடைய கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பிள்ளைகளும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் அண்ணைக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து வீட்டில் தனியே கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர், பிறகு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். அவர்கள் தாலியும் கட்டவில்லை, கோயிலிலோ பதிவுக் கந்தோரிலோ எழுதவும் இல்லை. ஒரு பக்கம் சைவ வேளாண்மைக் குடும்பம், மறுபக்கம் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் கடற்கரைக் குடும்பம். இரண்டு பக்கத்திலும் பேசித் தீர்க்க ஆட்கள் இருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. அண்ணையும் ஆரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த வீட்டில்தான் தங்குவேன். வெள்ளிக்கிழமையில் வீட்டில் மீன் வாசமே வராது. மற்ற நாட்களில் மீன்சட்டி பின்பக்கத்துக் கொட்டிலில் தனியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அண்ணை மோட்டார் சைக்கிளில் யசிந்தாக்காவைப் பூசைக்கு ஏற்றிக்கொண்டு போவார். உள்ளே போகமாட்டார். பூசை முடியும்வரை எதிரே தேத்தண்ணிக் கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டு இருப்பார். அரசியல் கட்டுரை நீளமாக இருந்தால் யசிந்தாக்கா வெளியே வந்து காத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. யசிந்தாக்கா சோறு போடுவார். அண்ணை கையை மறித்து, போதும் என்ற அர்த்தத்தில் காணும், காணும் என்பார். யசிந்தாக்கா இன்னொரு கரண்டி போடுவார். அண்ணை ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். இது மூன்று வேளையும் நடக்கும். எனக்குப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். என் வீட்டில் காணும் என்றால் காணும்தான், அடுத்த கரண்டி வராது.

யசிந்தாக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். அண்ணையின் மனைவியைக் கூப்பிடுவதுபோல மச்சாள் என்று கூப்பிட வாய் வந்ததில்லை. அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

ஆஸ்பத்திரியில் அண்ணையின் கடைசி நாட்களில், வாட்டுக்குள் விட முன்னர் யசிந்தாக்காவை நோயாளிக்கு நீங்கள் யார் என்று கேட்டிருக்கிறார்கள். "நான் அவரின்ரை வீட்டிலை இருக்கிறனான்" என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் விட்டுவிட்டார்கள். அதை அவரே பிறகு எனக்குச் சொன்னார், குறையாக இல்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரி.

நான் வந்து சேரும்வரை உடலை வைத்திருந்தார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அயல்வீட்டுப் பெண்கள்தான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவருவார்கள். வீட்டுக்காரிகள் உடலைச் சுற்றி இருந்து அழ வேண்டும். நானும் அங்கே இருந்தேன். தேத்தண்ணித் தட்டு என் முன்னால் வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். தட்டோடு நின்றவர் யசிந்தாக்கா. அயல்வீட்டுப் பெண்களோடு சேர்ந்து வந்தவருக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார். இருங்கோ என்று கையைப் பிடித்தேன். அங்காலையும் ஆட்கள் இருக்கினம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாய்க்கரிசி போட எல்லாரையும் கூப்பிட்டபோது அவரைத் தேடினேன், காணவில்லை. முப்பத்தோராம் நாள் முடிந்ததும் வீட்டுத் திறப்பைச் சின்னையாவின் கையில் கொடுத்துவிட்டுக் குருநகரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை, நான் அப்போது ஜேர்மனிக்குத் திரும்பும் விமானத்தில் இருந்தேன்.

5

நான் இருக்கும் நகரத்துப் பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தைச் சனிக்கிழமைகளில் வாசிப்பேன். எங்கள் இல்லத்து முதியவர்கள் அதில் வருவார்கள். அவருக்குச் சர்க்கரையில்லாத ரவைக் கஞ்சி, இவருக்கு உப்பில்லாத சூப் என்று எனக்கு எல்லோரையும் தெரியும். பிள்ளைகளின் பெயருக்கு மேலே சில சமயம் ஒரு பெண்ணின் பெயர் தனியே இருக்கும். லாங்யேரிக் என்று போட்டு, வாழ்க்கைத் துணை என்று எழுதியிருப்பார்கள். கலியாணம் கட்டாதவர்கள் என்று வாசிக்கிற எல்லோருக்கும் விளங்கும், யாரும் இருமுவதில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது.

பங்குனியில் ஊருக்குப் போனேன். சின்னையாவின் வீடு அண்ணையின் வீட்டுக்குப் பக்கத்து வளவு. விறாந்தையில் இருந்து கதைத்தோம். நீண்டகால வாழ்க்கைத் துணைவி யசிந்தா என்று போடுவோம் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வாழ்க்கைத் துணைவி என்பது கட்டினவளுக்குப் போடுகிற சொல், கட்டாதவளுக்குப் போட்டால் ஆளை உயர்த்துகிறோமா பகிடி பண்ணுகிறோமா என்று சனத்துக்குத் தெரியாது என்றார். வீட்டுப் பணிப்பெண் என்று போட்டால் அது பொய், அந்தப் பாவத்தை நான் எழுதமாட்டேன் என்றார். குடும்ப நண்பி என்று போட்டால் உன் அண்ணையே எழும்பி வந்து ஏசுவான் என்றார். அவரும் இந்த ஒரு வருடமாக இதைப் பற்றி யோசித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நீண்டகால என்பதில் என்ன பிழை என்று கேட்டேன்.

"காலத்தைச் சொன்னால் சனம் கணக்குப் பாக்கும் பிள்ளை. எப்ப தொடங்கினது, புருசன் கடலுக்குப் போக முதலோ பிறகோ எண்டு கேப்பினம். அந்த மனுசியை ஏன் சந்திக்கு இழுப்பான்?"

ஜேர்மன்காரர் கணக்குப் பார்ப்பதில்லையா என்று யோசித்தேன். பார்ப்பார்களாக இருக்கும், எனக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வதில்லை. கனடா அக்காவைத் தொலைபேசியில் கேட்டேன். சின்னையா சொல்கிறபடி செய், நாங்கள் இங்கே இருந்துகொண்டு என்ன பேசுவது என்றார். நான் விடவில்லை. பெயர் வராவிட்டால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று சின்னையாவிடம் சொன்னேன். நான் அவரோடு எதிர்த்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீயும் நானும் அடிபட்டு என்ன? போய் அவவைக் கேள். அவ ஓமெண்டால் நான் எழுதுறன்" என்றார்.

6

மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்துக் குருநகருக்குப் போனேன். யசிந்தாக்கா தங்கை வீட்டு முற்றத்தில் பாய் விரித்துக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். காகம் கலைக்க ஒரு தடி பக்கத்தில் இருந்தது. கண்டு கனகாலம் என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன். அண்ணைக்காக மாதாமாதம் பூசை கொடுப்பதாகச் சொன்னார். சைவக்காரரின் பெயரைச் சுவாமியார் வாசிப்பாரோ என்று முதலில் பயந்தாராம், அவர் ஒன்றும் கேட்காமல் வாசித்தாராம்.

நான் நினைவஞ்சலித் தாளை எடுத்து, வந்த விசயத்தைச் சொன்னேன். மகன் விளக்கிய சொல், எங்கள் நகரத்துப் பத்திரிகை, சின்னையாவின் பயம் எல்லாவற்றையும் சொன்னேன். விருப்பம் இல்லையென்றால் போடமாட்டோம் என்றும் சொன்னேன். பிறகு வாசித்தேன். பெற்றோரின் பெயருக்குப் பிறகு, அன்னாரின் நீண்டகால வாழ்க்கைத் துணைவி யசிந்தா.

இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பாயில் கிடந்த ஒரு கருவாட்டைத் திருப்பிப் போட்டார்.

"நீண்டகாலம் எண்டால் கனகாலம்தானே?"

"ஓம்."

"அது பாக்கிற ஆக்களுக்கு, தங்கச்சி. எனக்குக் காணாது."

அடைமொழியோடு போய் நின்ற ஆள் நான். அந்த அடைமொழி எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் பார்த்தேன். தூர நின்று பார்க்கிறவர்கள்தான் நீண்டகாலம் என்கிறோம். அதற்குள் இருந்தவருக்கு அண்ணை இன்னும் ஒரு கரண்டி சாப்பிட்டிருக்கலாம்.

யசிந்தாக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "துணைவி எண்டெல்லாம் வேண்டாம். கட்டினவளும் இல்லை, கட்டாதவளும் இல்லை. அவர் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். பேர் போடுறதெண்டால் அதைப் போடுங்கோ. வேறை ஒண்டும் போடாதையுங்கோ."

காகம் ஒன்று பாயில் வந்து இறங்கியது. அவர் தடியை எடுத்தார்.

திவசத்துக்கு வரச் சொன்னேன். அந்த வீட்டு அடுப்பை மூட்ட வேறு ஆள் இல்லை, எனக்கு விறகு அடுப்பு மறந்துபோச்சு, வாங்கோ மச்சாள் என்றேன். சொல் தானாக வந்தது. அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. விடியவே வாறன் என்றார்.

7

உறவு இல்லாமல் வெறும் பெயர் மட்டும் போட்ட அறிவித்தல் சின்னையா தன் ஆயுளில் எழுதியதில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். வாசிக்கிறவர்கள் அச்சுப் பிழை என்று நினைப்பார்கள் என்றார். பிறகு, எந்த இடத்தில் போடுவது என்று தன்னையே கேட்டார். நண்பர்கள், உற்றார் என்று கடைசியில் ஒரு வரி வரும், அங்கே எழுதப்போகிறார் என்று நினைத்தேன். மேசையில் குனிந்து எழுதினார். எழுதி முடித்ததை எனக்குக் காட்டவில்லை.

பிறகு யாழ்ப்பாணத்தில் இருக்கும் பத்திரிகைக் கந்தோருக்கு அழைத்தார். காது சரியாகக் கேட்காததால் அவர் எப்போதும் ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் கதைப்பார். மறுமுனையில் ஓர் இளம் பெண் குரல். சின்னையா வகுப்பில் சொல்வதெழுதுதல் சொல்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக நிறுத்தி வாசித்தார். பிறப்பிடம், வதிவிடம். பெற்றோர் பெயர். நிறுத்தினார். யசிந்தா என்றார். பிறகு அக்காவின் பெயரும் என் பெயரும்.

அந்தப் பெண் ஒரு நிமிடம் என்று மறித்தாள். பெற்றோருக்கும் சகோதரிகளுக்கும் இடையில் யசிந்தா என்று மட்டும் இருக்கிறது, உறவுமுறை விட்டுப்போச்சு ஐயா, என்னவென்று போட என்று கேட்டாள்.

சின்னையா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"ஒண்டும் விட்டுப்போகேல்லை, பிள்ளை. அந்த இடத்திலை பேர் இருந்தால் காணும்."